சூட்டோடு திறந்த குழாய்

போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரை என் அப்பாதான் பார்த்துக்கொள்கிறார். அங்கேயே வளர்ந்தவள் நான். இப்போது போடிக்குப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் கார்பன் நானோ குழாய் வளர்க்கிறேன். அப்பா இதை மலை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். என்னை ஏற்றி இறக்கும் ஜீப்பு மாமாவுக்குக் கிண்டல் பண்ண அது போதாதா?

“கரி வளக்கவா ஆத்தா காலேஜு? எங்க வீட்டு அடுப்புல தானா வளருது.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வெறும் கரியா அது? சிலிக்கான் துண்டில் இரும்பை மெல்லிசாகப் பூசி, குவார்ட்ஸ் குழாய்க்குள் வைத்து, உலை சிவக்கச் சூடாக்கி, அசிட்டிலீன் வாயுவை விட வேண்டும். இரும்பு நுண்ணிய மணிகளாகத் திரளும். ஒவ்வொரு மணியிலிருந்தும் ஒரு கார்பன் குழாய் முளைத்து நிமிரும். தலைமுடியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெலிசு. எடைக்கு எடை பார்த்தால் வலிமையில் எஃகு அதற்குப் பக்கத்தில் நிற்காது. மின்சாரமும் கடத்தும்.

ஆனால் எனக்கு மட்டும் வளரவில்லை. ஆறு முறை முயன்றும் துண்டின்மேல் துருப்பிடித்த சிவப்புதான் மிச்சம். இந்த வாரமும் வராவிட்டால் உலையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதாகவும், நான் வேறு தலைப்புப் பார்க்க வேண்டியதுதான் என்றும் பேராசிரியை சொல்லிவிட்டார். அப்பா முகத்தில் எப்படி முழிப்பேன்?

ஏழாவது முறை அசிட்டிலீனை நிறுத்திய நேரத்தில் வாசலில் ஜீப்பு ஹாரன் அலறியது. அன்று எஸ்டேட்டில் சாமி கும்பிடு.

“வெரசா வா ஆத்தா, மேல மேளம் கட்டிட்டாங்க!”

உலையை அணைத்தேன். காற்றை அண்டவிடாத ஆர்கான் வாயுவை மட்டும் ஓடவிட்டு, குழாயைத் திறக்காமலே ஓடினேன்.

மறுநாள் துண்டு கன்னங்கரேலென்று வெல்வெட் மாதிரி இருந்தது. மைக்ராஸ்கோப்பில் குழாய்கள் அடர்ந்த காடு! அழுதே விட்டேன். அழுது முடித்த பிறகுதான், இந்த முறை மட்டும் என்ன செய்யாமல் விட்டேன் என்று யோசித்தேன்.

திறக்கவில்லை. அவ்வளவுதான்.

ஸ்டோரில் பச்சைக் காய் சூட்டில் ஈரம் விட்டு வேர்க்கும்போது ஜன்னலைத் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் நிறம் போய்விடும். சின்ன வயதிலிருந்தே கைக்குப் பழகிய வேலை. அதே கை உலைக் குழாயின் மூடியையும் சூட்டோடு திறந்துவிட்டிருக்கிறது. ஆறிய பிறகு எடுக்கவும் என்றுதான் செய்முறைத் தாளில் இருந்தது. நான் எடுக்கவில்லையே, திறந்துதானே விட்டேன்! அந்தச் சூட்டில் காற்றுப் பட்டால் கார்பன் எரிந்து போகும், அடியிலுள்ள இரும்பு துருவாகிச் சிவக்கும். ஆறு முறையும் ஒழுங்காக வளர்த்து, நானே கொளுத்தியிருக்கிறேன்.

சந்தேகம் தீரத் துண்டை இரண்டாக உடைத்து, ஒரு பாதியைக் காற்றில் சூடாக்கினேன். கருப்பு போய் அதே சிவப்பு வந்தது. பேராசிரியை பார்த்துவிட்டு உலை அறைச் சாவியை என் கையிலேயே கொடுத்தார். அன்றைக்கு என்னைவிடத் திமிரான ஆள் போடியில் இருந்திருக்க முடியாது.

மறுபாதியை டப்பாவில் வைத்து மேலே கொண்டுபோனேன். நடந்ததைக் கேட்டு அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

“காய்க்குத்தானே திறக்கச் சொன்னேன், கரிக்கா சொன்னேன்?”

ஸ்டோரில் சாமி படத்துக்கு முன்னால் ஒரு தட்டு உண்டு. பருவத்தின் முதல் காயை மட்டும்தான் அதில் வைப்பார்கள். அப்பா டப்பாவைத் திறந்து, அப்படியே அந்தத் தட்டில் வைத்தார். ஜீப்பு மாமா எட்டிப் பார்த்து விரலை நீட்டினார். அப்பா அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

“தொடாதீங்க மாப்ளே, எம் மக வளத்தது. ஒங்க அடுப்புல வளந்ததைக் கொண்டாங்க, பக்கத்துல வச்சுப் பாப்போம்.”