மாயக்காள் கூடையில் வைத்த காந்தம்

மாயக்காள் மனிதர்கள் யாருக்கும் பயந்தவள் இல்லை. திண்டுக்கல் சந்தையில் தராசைச் சாய்த்துப் பிடித்த கத்தரிக்காய் வியாபாரியை, நாலு பேரைக் கூட்டி, அவன் வாயாலேயே "தப்புத்தான் ஆத்தா" என்று சொல்ல வைத்தவள். எந்தக் கண்டக்டரும் அவளிடம் சில்லறை இல்லை என்று சொல்லிப் பார்த்ததில்லை. ஆனால் பேய் என்று பேச்செடுத்தால் போதும், அத்தனை வீரமும் எங்கே போகும் என்றே தெரியாது. "மனுசன்னா மொகத்தப் பாத்துப் பேசலாம். அதுக்கு மொகமே இல்லையே, என்னத்தப் பேசுறது?" என்பாள். அதுவும் நியாயந்தான்.

உச்சிவெயிலில் கறியோ கருவாடோ கொண்டு போனால் வாடைக்குப் பேய் தொத்திக்கொள்ளும், கூடையில் இரும்பு கிடந்தால் கிட்டே வராது என்பது அந்தப் பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். மாயக்காளும் புருஷனுக்குச் சோறு கொண்டு போகும்போது கூடைக்கு அடியில் ஒரு மாட்டு லாடத்தைப் போட்டுக்கொள்வாள். போட்டிருப்பதை வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் பலிக்காது.

அவள் புருஷன் முத்துச்சாமிக்குக் குஜிலியம்பாறைப் பக்கத்துப் பொட்டலில், உலகச் சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் போட்டுவிட்டுப் போன ஒரு சின்ன விமானத் திடலில் தினக்கூலி வேலை கிடைத்தது. அறுபத்திரண்டோ அறுபத்து மூன்றோ, அந்த வாக்கில். எப்போதாவது ஒரு சின்ன விமானம் வந்து இறங்கும். ஆடிக் காற்றில் செம்மண் புழுதி கிளம்பிவிட்டால், திடலுக்குள் ஜீப் வந்து நிற்கிறதா, லாரி வந்து நிற்கிறதா என்று திடல் ஓரத்துக் கொட்டகையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. மேலே இருந்து இறங்குகிறவனுக்கும் தெரியாது. அதற்கு ஒரு வழி பண்ணத்தான் ஆரோக்கியதாஸ் என்கிற எஞ்சினீயர் வந்திருந்தார். திண்டுக்கல்காரர், மெட்ராஸில் படித்தவர். திடலுக்குள் நுழைகிற பாதையின் குறுக்கே செம்புக் கம்பிச் சுருளை மண்ணுக்குள் புதைத்தார். இரும்பு வண்டி எதுவும் அதன்மேல் போனால், கொட்டகையில் வைத்திருக்கும் பெட்டியில் முள் ஆடும். முள் ஆடினால் உள்ளே வண்டி இருக்கிறது என்று அர்த்தம். குழி தோண்டியதும், கம்பிகளை ஈயம் வைத்துப் பற்றவைத்துத் தார் பூசியதும் முத்துச்சாமிதான். வேலை நன்றாக முடிந்தால் அவனை நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகப் பேச்சு.

மாயக்காளுக்கு நிரந்தர வேலையில் சந்தோஷம். அந்த இடத்தில்தான் சந்தோஷமில்லை. சண்டைக் காலத்தில் அங்கே ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் செத்துப்போனதாக யாரோ அவள் காதில் போட்டுவிட்டார்கள்.

"வெள்ளைக்காரனுக்குக் கருவாட்டு வாடையே ஆகாதுடி. உன் கூடைப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கமாட்டான்" என்றான் முத்துச்சாமி.

"பசிச்சா எதுதான் ஆகாது? இம்புட்டு வருசமாப் பட்டினி கெடக்கானுல்ல" என்றாள் அவள்.

வெள்ளைக்காரப் பேய்க்கு மாட்டு லாடம் போதுமா என்பது அவளுடைய அடுத்த கவலை. திண்டுக்கல்லில் கல்யாண வீடுகளுக்கு ஸ்பீக்கர் செட் வாடகைக்கு விடும் முகமது பாரூக் கடையில், உடைந்துபோன குழாய் ஸ்பீக்கரின் காந்தம் ஒன்று மூலையில் கிடந்ததைப் பார்த்தாள். இரும்புக்கே பேய் ஓடுமென்றால், இரும்பையே இழுக்கிற இரும்புக்கு எவ்வளவு தூரம் ஓடும்! "பாய், அது சும்மாதான கெடக்கு" என்று கேட்டு வாங்கி வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் அது அரிவாள்மணையை இழுத்துக் கவ்விக்கொண்டது. அதைப் பிரித்தெடுக்க அவள் பட்ட பாட்டில், சாமானின் சக்தி பற்றி அவளுக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது.

அன்றிலிருந்து கூடைக்கு அடியில், வைக்கோலுக்குள், காந்தம். நிம்மதியாகத் திடலைக் கடந்து போய் வந்தாள்.

அவளுக்கு நிம்மதி வந்ததும் கொட்டகையில் நிம்மதி போயிற்று. ஜீப் போனால் முள் ஆடியது, லாரி போனால் ஆடியது, எல்லாம் சரி. ஆனால் உச்சிப்பொழுதில், பாதையில் வண்டியே இல்லாதபோதும் முள் துள்ளிக் குதித்தது. ஓடிவந்து பார்த்தால் சோற்றுக் கூடையோடு மாயக்காள் மட்டும் வந்துகொண்டிருப்பாள். ஆரோக்கியதாஸ் ஒரு தடவை கேட்டுக்கூடப் பார்த்தார். "கூடையில என்னம்மா?" அவள் துணியை விலக்கிக் காட்டினாள். பித்தளைத் தூக்கு, அதற்குள் கம்மஞ்சோறு, சின்னச் சட்டியில் குழம்பு. பித்தளைக்கும் மண்சட்டிக்கும் முள் ஆடாது. அவரும் போய்விட்டார்.

பெட்டியைப் பார்வையிட மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். அவர் கண் முன்னாலேயே உச்சிவேளையில் முள் குதித்தது. வெயில் ஏற ஏற, பற்றவைத்த இடம் இளகி விட்டுவிடுகிறது என்று முடிவு கட்டினார். கேட்பதற்குப் பொருத்தமாகவே இருந்தது. எல்லாவற்றையும் தோண்டிவிட்டு மதுரையிலிருந்து வேறு ஆளைக் கூட்டி வரச் சொன்னார்.

வேப்பமரத்தடியில் முத்துச்சாமி சோற்றில் கை வைக்கவில்லை.

"எனக்கு வேல போச்சு புள்ள. ஒழுங்காத்தான் பத்தவச்சேன். இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. வண்டி இல்லாம, இரும்பு இல்லாம, அது பாட்டுக்கு ஆடுது."

"இரும்புக்குத்தான் ஆடுமா?"

"இரும்புக்கு ஆடும். காந்தமா இருந்தா இன்னும் நல்லா ஆடும்."

மாயக்காள் சட்டென்று எழுந்தாள். கூடையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போனாள். வைக்கோலைக் கிளறிக் காந்தத்தை எடுத்து மேசையில் வைத்தாள். பெட்டியின் முள் ஓரத்துக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றது.

"என்னம்மா இது?" என்றார் ஆரோக்கியதாஸ்.

"பேய்க்கு வச்சதுங்கய்யா" என்றாள். வெளியே சொல்லக் கூடாததைச் சொல்லியாகிவிட்டது.

ஆரோக்கியதாஸ் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். அவர் அம்மாவும் கறிக்குழம்புச் சட்டியில் கரித்துண்டும் ஆணியும் போட்டவள்தான். பெரிய அதிகாரி சிரிக்கவில்லை.

"இது பெட்டிக்குப் பக்கத்தில் வைத்ததால் ஆடுகிறது. கம்பி இணைப்பு நன்றாக இருக்கிறது என்று இதிலிருந்து எப்படிச் சொல்வது? இந்த அம்மா இதைப் பெட்டியை விட்டுத் தூரமாக வைத்துவிட்டு, முன்னே வந்த மாதிரியே அந்தப் பாதையில் திரும்ப நடந்து வரட்டும். கூடை, சோறு எல்லாம் அப்படியே இருக்க வேண்டும்."

மாயக்காள் வெளியே பார்த்தாள். வெயில் நேர் உச்சியில் நின்றது. பொட்டலில் ஒரு காக்கைகூட இல்லை. கூடையிலோ கருவாட்டுக் குழம்பு கமகமவென்று மணத்தது. லாடம் வீட்டில் கிடந்தது. ஒரு ஆணிகூடக் கையில் இல்லாமல், உச்சிவேளையில் அவள் ஊர் எல்லையைத் தாண்டியதே கிடையாது.

"வேணாம் புள்ள, வேற எதாச்சும் பாத்துக்கலாம்" என்றான் முத்துச்சாமி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு.

"நீங்க பேசாம முள்ளப் பாருங்க" என்றாள்.

திடலின் அந்தக் கோடிக்குப் போனாள். திரும்பி நின்றாள். நடந்தாள். மற்ற எல்லோரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது முத்துச்சாமி ஜன்னல் வழியே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஓடவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. உதடு மட்டும் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. கம்பி புதைத்த இடத்தைத் தாண்டினாள். முள் இம்மியும் அசையவில்லை.

"இணைப்பு நன்றாகத்தான் இருக்கிறது" என்றார் பெரிய அதிகாரி. "இந்த ஆளையே வைத்துக்கொள்ளுங்கள்."

மாயக்காள் வேப்பமரத்தடியில் கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். "பயந்துட்டியா?" என்று கேட்டான் முத்துச்சாமி.

"எதுக்குப் பயம்? வெயிலுதான் அதிகம்" என்றாள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

அவன் துணியை விலக்கினான். குழம்புச் சட்டி காலியாகக் கிடந்தது. குழம்பு முழுக்கத் தளும்பிக் கூடை வைக்கோலில் ஊறிப்போயிருந்தது. வெறும் சோற்றை அவளுக்கும் ஒரு உருண்டை கொடுத்து, கடைசிப் பருக்கை வரை ருசித்துச் சாப்பிட்டான்.