ஒட்டு விடாத தொட்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு மீன் வளர்ப்பது பிடிக்காது. கல்யாணமான நாளிலிருந்தே பிடிக்காது. புது மருமகளாக வீட்டுக்குள் வந்தவளுக்கு என் மாமியார் காட்டியது சமையலறையை அல்ல, கூடத்து மூலையில் இருந்த கண்ணாடித் தொட்டியை. இதில் மட்டும் கை வைத்துவிடாதே, உன் புருஷனுக்கு மற்றதெல்லாம் இரண்டாம்பட்சம் என்றார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

என் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டுபவர். ஜன்னலுக்கு, அலமாரிக்கு, படத்துக்கு, முகம் பார்ப்பதற்கு. மேஜையில் கண்ணாடியைக் கிடத்தி, மரச்சட்டத்தை அணைத்து வைத்து, கட்டரை ஒரே இழுப்பாக இழுத்து, ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் அது சொன்னபடி கேட்டு இரண்டாகும். நான் சொல்லி இந்த வீட்டில் எதுவும் அப்படிக் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்து நாளிலேயே மிட்டாய் ஜாடியில் மீன் வைத்துக்கொண்டு சுற்றியவராம். கடையில் சேர்ந்ததும் வீணான துண்டுகளைக் கேட்டு வாங்கி, ஒட்டி, செருப்புப் பெட்டி அளவுக்கு ஒரு தொட்டி செய்து, இரண்டு கறுப்பு மீன்களை விட்டார். அன்று பிடித்த பைத்தியம் இன்றுவரை தெளியவில்லை.

வாடகை வீடு மாறும்போதெல்லாம் கட்டிலும் பீரோவும் வண்டியில் போகும். தொட்டி அவர் மடியில் போகும். மீன்கள், மூடி போட்ட வாளியில், என் மடியில். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வந்தவரின் சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது. குழந்தையைப் பார்த்து அழுதார் என்பது வேறு விஷயம். ஞாயிற்றுக்கிழமை என்றால் மற்ற வீடுகளில் தூங்குவார்கள், எங்கள் வீட்டில் தண்ணீர் மாற்றுவார்கள். குளிக்க வாளி தேடினால் எல்லா வாளியிலும் குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்திருக்கும், தொடக்கூடாது, குளோரின் போக வேண்டும். குளோரின் போவதற்குள் என் உயிர் போய்விடும். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வெளியூர் போனதில்லை, மீனுக்கு யார் தீனி போடுவது? நான் மின்சார அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் வேலை பார்த்தவள். ஊரிலுள்ளவர்கள் கரண்ட் போனதற்கெல்லாம் என்னைத் திட்டுவார்கள், அதை அப்படியே சுமந்துவந்து நான் மீனைத் திட்டுவேன்.

ஆனால் ஒன்று. அவர் ஒட்டிய தொட்டி கசிந்ததாக யாரும் எங்கள் வாசலில் வந்து நின்றதில்லை. பல் டாக்டரின் காத்திருக்கும் அறையில், முடிதிருத்தும் கடையில், துணிக்கடை வாசலில் எல்லாம் அவர் செய்த தொட்டிகள் நிற்கின்றன. விளிம்பைத் துடைத்து, சிலிக்கான் பசையை ஒரே சீராக இழுத்து, நனைத்த விரலால் ஒருமுறை தடவி விடுவார். அந்தத் தடவலில்தான் எல்லாம் இருக்கிறது என்பார். பெருமை பேசத் தெரியாத மனிதர். இந்த ஒரு விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் நிமிரும்.

சொந்தமாக இந்த இரண்டாம் மாடி வீட்டுக்கு வந்தபின் கூடத்துச் சுவரை ஒட்டி நாலடித் தொட்டி ஒன்று செய்தார். அதில் ஒரே ஒரு மீன், ஆஸ்கார் ஜாதி. கட்டைவிரல் அளவில் வந்தது முழங்கை நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. நான் வைத்த பெயர் மாப்பிள்ளை. காரணம் இருக்கிறது. அவர் கடையிலிருந்து வந்ததும் முதலில் அதன் முன்னால் போய் நிற்க வேண்டும். சட்டையைக் கழற்றப் போய்விட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தண்ணீர் மாற்றிய அன்று ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, தீனியைத் தொடாது. அசல் மாப்பிள்ளை முறுக்கு. இவர் கண்ணாடியில் விரலை வைத்துக் கெஞ்சுவார். எனக்கு ஒரு நாள் அப்படிக் கெஞ்சியிருப்பாரா?

போன மழைக்காலம் முடிந்தபின் கீழ்வீட்டம்மாவின் கூடத்து மேல்தளத்தில் ஈரம் பூத்தது. பிறகு சொட்ட ஆரம்பித்தது. சொட்டிய இடம் எங்கள் தொட்டிக்கு நேர் கீழே. எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் பக்கத்து வீட்டுக்காரர்தான். அவர் வீட்டுக் குளியலறைக்கும் எங்கள் கூடத்துக்கும் நடுவில் ஒரே சுவர். கீழ்வீட்டில் நின்று அண்ணாந்து பார்த்தார், எங்கள் வீட்டுக்கு வந்து தொட்டியைப் பார்த்தார், வழக்கு முடிந்துவிட்டது. எங்கள் தரை காய்ந்து கிடக்கிறதே என்று நான் சொன்னேன். டைல்ஸ் இடுக்கு வழியாக நேராகக் கீழே இறங்கும், வெளியே தெரியாது என்றார். எங்கே படித்தாரோ.

மாடிப்படிக்குக் கீழே நாற்காலி போட்டுக் கூட்டம். நாலு பேர் தலையாட்ட, செயலாளர் என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "கண்ணாடிக்காரரே, தப்பா எடுத்துக்காதீங்க. வருஷக்கணக்கா தண்ணியிலயே நிக்குது. எந்த ஒட்டும் ஒரு நாள் விட்டுடும்ல? தொட்டிய எடுத்துடுங்க."

 இவர் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. அந்த மீனைக் காலமெல்லாம் திட்டியவள் நான். அது என் உரிமை. கூடவே கிடந்து வாளி சுமந்தவள் திட்டலாம், நேற்று வந்தவன் கை காட்டி அகற்றச் சொல்வதா? சத்தம் போட்டேன். நான் சத்தம் போடப்போட அவர்கள் எல்லோரும் பொறுமைசாலிகள் ஆகிவிட்டார்கள். இவர் என் முழங்கையைத் தொட்டு, வா போகலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து தொட்டியின் மூலைகளில் விரலை ஓட்டினார். மேலிருந்து கீழே, மறுபடி கீழிருந்து மேலே. டார்ச் அடித்துப் பார்த்தார். காகிதத்தை மடித்து அடியில் செருகி எடுத்துப் பார்த்தார். காய்ந்த காகிதம்தான் வந்தது. அப்படியும் முகம் தெளியவில்லை. ஒரு வேளை விட்டிருக்குமோ என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விதான் எனக்குப் பொறுக்கவில்லை. போவது மீன் மட்டும் என்றால் நான் இவ்வளவு கொதித்திருக்க மாட்டேன். தன் கையை நம்பித்தான் அந்த மனிதர் இத்தனை காலம் தலை நிமிர்ந்து நடந்தார்.

மறுநாளே தண்ணீரை இறைத்துவிட்டார். மாப்பிள்ளை பிளாஸ்டிக் டிரம்முக்குப் போனது. அங்கே திரும்பக்கூட இடமில்லை. முட்டி மோதி விலாப்பக்கம் செதில் உரிந்து, காயத்தில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாகப் படர்ந்துவிட்டது. பூஞ்சை என்றார். டிரம்மில் நீல மருந்தை ஊற்றினார். மீன்காரர்கள் வீட்டில் எப்போதும் இருக்கும் மருந்து, நாலு சொட்டு போதும், வாளித் தண்ணீரே மை ஆகிவிடும். கை தவறி என் சமையலறை மேடையில் கொஞ்சம் சிந்தியது. தேய்தேயென்று தேய்த்தேன், போகவில்லை. அவர் விரல் நகமெல்லாம் நீலம்.

தொட்டி வற்றி ஒரு வாரம் ஆகியும் கீழே சொட்டு நிற்கவில்லை. போய்ச் சொன்னால், கான்கிரீட் குடித்த தண்ணீர் வடிய நாளாகும் என்றார் செயலாளர். ஒரு மனிதனுக்கு எதற்கெடுத்தாலும் பதில் இருந்தால் அவன் பொய் சொல்கிறான் என்று அர்த்தம். புகார்ப் பிரிவில் நான் கற்றது அது ஒன்றுதான்.

அன்று காலையில் மேடையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. போகாத நிறம், நல்லது, அது எங்கே போகிறது என்று பார்த்துவிடுவோம். என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு டிரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லாமல் அலமாரியிலிருந்து பிரிக்காத மருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். செயலாளர் ஆபீஸுக்குப் போயிருந்தார். அவர் மனைவி கதவைத் திறந்தாள். உங்கள் பாத்ரூம் தரையில் இதை ஊற்றப் போகிறேன், தடுப்பதென்றால் இப்போதே தடு என்றேன். அவள் பாட்டிலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"ஊத்துங்கக்கா. தண்ணி போற ஓட்டை பக்கத்துல டைல்ஸ் ஆடுதுன்னு நானும் மழைக்கு முன்னாடியே சொல்லிட்டேன். யார் கேக்கறா?"

வாளியில் தண்ணீர் பிடித்துக் கொடுத்ததும் அவள்தான். பாட்டில் முழுவதையும் கவிழ்த்து, மேலே வாளிக்கு மேல் வாளி விட்டோம். பிறகு நான் கீழ்வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு, கழுத்து வலிக்க அண்ணாந்து உட்கார்ந்தேன். கீழ்வீட்டம்மா டீ கொடுத்தார். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியபின், ஈரத்தின் நடுவில் ஒரு நீலப் புள்ளி எழும்பியது. அது வட்டமாகி, கனத்து, அவர் வைத்திருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பாவில் டொக்கென்று விழுந்தது. அந்தம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். நான் அந்த டப்பாவையே எடுத்துக்கொண்டு படியேறினேன்.

வீட்டுக்குள் போனால், தொட்டி இல்லை. ஐந்து கண்ணாடிகள் சுவரில் சாய்ந்து நின்றன. அவர் தரையில், மடியில் பிளேடுடன், வெட்டி உரித்த சிலிக்கான் நாடாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"எங்க விட்டுச்சுன்னு பாத்துடலாம்னுதான் பிரிச்சேன்," என்றார். "எங்கயும் விடலம்மா. எல்லா ஒட்டும் நல்லாத்தான் இருந்துச்சு."

டப்பாவை அவர் முன்னால் வைத்தேன். வைத்தேன் என்ன, போட்டேன். நீலத் தண்ணீர் தெறித்தது. எவனோ நாற்காலியில் உட்கார்ந்து சொன்னதை நம்பி உன் கையை நீயே அறுப்பாயா என்று கேட்டேன். அவரை நான் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் டப்பாவைப் பார்த்தார், கண்ணாடிகளைப் பார்த்தார். ஒட்டிக் காய ஒரு வாரமாவது ஆகும், அதுவரை அது தாங்காது என்று டிரம்மைக் காட்டினார். தாங்கவில்லை. மறுநாள் விடிந்தபோது மாப்பிள்ளை ஒருக்களித்துப் படுத்திருந்தது. வழக்கமான முறுக்குதான் என்று நினைத்துக் கண்ணாடியைத் தட்டுவதுபோல டிரம்மைத் தட்டிப் பார்த்தவள் நான்தான்.

செயலாளர் அன்று மாலை வந்தார். கசிந்தது அவர் வீட்டுக் குழாய்தானாம், பிளம்பர் பார்த்துச் சொல்லிவிட்டாராம். வாசலில் நின்றபடியே, இனி நாங்கள் தாராளமாகத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம், சங்கத்துக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை என்றார். நான் கதவைச் சாத்தினேன்.

இவர் இனி வேண்டாம் என்றார். வயதாகிவிட்டது, கண்ணாடியைக் கடைக்குக் கொடுத்துவிடலாம் என்றார். மீன் பிடிக்காத நான்தான் விடவில்லை. மீனுக்காக இல்லை, ஒட்டுங்கள் என்றேன். என் தொல்லை தாங்காமல் ஒட்டினார். விளிம்பைத் துடைத்து, சிலிக்கானை இழுத்து, நனைத்த விரலால் தடவினார். காயும்வரை பொறுத்து, நானே வாளி சுமந்து விளிம்பு வரை நிரப்பினேன். மீன் இல்லை, செடி இல்லை, கல் இல்லை. வெறும் தண்ணீர், நாலடி நீளத்துக்கு. ஒரு வாரம் விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்குப் போய்ச் செயலாளரைக் கையோடு கூட்டிவந்தேன்.

அவருக்கு எதற்கு என்று புரியவில்லை. மீன் எங்கே என்று கேட்டார்.  மூலை ஒட்டில் விரலை வைக்கச் சொன்னேன். வைத்தார். கீழே வரை ஓட்டச் சொன்னேன். தயங்கினார், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓட்டினார். அப்படியே நாலு மூலையும்.

"ஈரம் இருக்கா சார்?"

"இல்லம்மா. காஞ்சுதான் இருக்கு."

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அவர்கிட்ட சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் சமையலறை வாசலில் நின்றிருந்தார். செயலாளர் அந்தப் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "உங்க ஒட்டு விடல சார்." கண்ணாடிக்காரரே என்று அழைத்த வாய் அது.

 செயலாளர் போகும்வரை இவர் அங்கேயே நின்றார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துவந்து, கண்ணாடியில் மேலிருந்து கீழே விழுந்திருந்த அந்த விரல் தடங்களை ஒவ்வொன்றாக அழுத்தித் துடைத்தார்.