கழட்ட முடியாத பட்டை

கைப்பட்டை செய்வது எங்கள் வேலை; அதைக் கழட்டப் பார்ப்பது ஊர் உலகத்தின் வேலை. விழாக்களில் உள்ளே விடும்போது மணிக்கட்டில் சுற்றி ஒட்டுவார்களே, வழவழவென்று ஒரு காகிதப் பட்டை, அதைத்தான் சொல்கிறேன். தாம்பரத்தில் செல்வம் அண்ணாவின் சின்ன அச்சகத்தில் அதை வெட்டி அடுக்குவது நான். சொன்னபடி கேட்காத சாமானோடு மல்லுக்கட்டுகிற எல்லாரும் என் கட்சிதானே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

என்ன கலர் வேணும்?

எங்களுக்கு அது வெறும் 'பட்டை'. ஒருநாள் படப்பையிலிருந்து போன். "பட்டை கீதாம்மா?" என்றார் ஒருவர். "இருக்குண்ணா, என்ன கலர் வேணும்?" என்றேன். "இன்னாது, பட்டைல கலரா?" பச்சை, ஆரஞ்சு, ரோஸ் எல்லாம் உண்டு, பெயர்கூட அச்சடித்துத் தருவோம் என்று நான் பாட்டுக்கு அடுக்கினேன். அவர் எல்லாவற்றுக்கும் 'உம்' கொட்டினார். பிறகு கேட்டார்: "கலரு வாணாம்மா. பிரியாணில போட்டா வாசன வருமா, அத மட்டும் சொல்லு."

வெட்டு

சிட்லபாக்கத்து சார் ஒருவர் குடியிருப்புச் சங்கத்துப் பொங்கல் விருந்துக்குப் பட்டை வாங்க வந்தார். நுனியில் பொடிப்பொடியாக வெட்டு இருப்பதைப் பார்த்துவிட்டு, "டேமேஜ் பீஸைத் தள்ளிவிடறியா?" என்று பிடித்துக்கொண்டார்.

"இல்ல சார், வெட்டு இல்லாத காலத்துல ஒருத்தர் சாப்பிட்டு வந்து, பட்டையை உரிச்சு அடுத்தவருக்கு ஒட்டிவிடுவாராம். இப்போ உரிச்சா கிழிஞ்சிடும்" என்றேன். இதை யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். "பந்தியில சோறு பத்தாமப் போனவனாத்தான் இருக்கும்" என்றார் செல்வம் அண்ணா. சார் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "அப்போ வெட்டில்லாததா ரெண்டு சேர்த்து வைம்மா. என் மச்சினன் வர்றான்."

எண்ணெய்

சர்ச்சில் ஞாயிறு வகுப்பு எடுக்கும் ஸ்டெல்லா டீச்சர், பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போக எங்களிடம்தான் பட்டை வாங்கினார். ஒவ்வொன்றிலும் அவருடைய போன் நம்பர். ஆனால் வெயிலில் போகிற பிள்ளை என்று அம்மாக்கள் முழங்கை வரை தேங்காய் எண்ணெய் தடவி அனுப்பியிருக்கிறார்கள். ஒட்டிவிட்ட டீச்சர்களின் விரலெல்லாம் எண்ணெய். பசை எங்கே பிடிக்கும்? ஒவ்வொன்றாக மணலில் விழுந்திருக்கிறது.

பலூன்காரர் பின்னாலேயே போய்விட்ட ஒரு குட்டிப் பெண் கிடைக்கிறவரை டீச்சருக்கு உயிரே இல்லை. விழுந்த பட்டைகளை என் மேஜையில் கொட்டினார். அடுத்த மாதம் மறுபடி போகிறார்களாம். அவர் திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை: "அந்தப் புள்ள கையில என் நம்பர் இல்லம்மா. எண்ணெய்தான் இருந்துச்சு."

கிரீடம்

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ரயிலில் டிக்கெட்டைச் சுருட்டிப் பார்த்தேன். சாம்பார் கொதிக்கையில் காலண்டர் தாளைக் கிழித்துச் சுற்றிப் பார்த்தேன். அப்போதுதான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட நாடகம் நினைவுக்கு வந்தது. கோந்து வாங்க வழியில்லாததால் ராஜா கிரீடத்தின் இரண்டு நுனியிலும் பாதிப் பாதி வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்துவிடுவோம். பட்டையிலும் அப்படிக் கோத்து, அதன்மேல் ஒட்டினால் என்ன?

முதலில் வெட்டியது ஆழம் அதிகமாகிக் கிழிந்தது. குறைத்தால் நழுவியது. கத்தியை நகர்த்தி நகர்த்தி அலுத்துப்போன செல்வம் அண்ணா சொன்னார்: "ராஜா தலையில எண்ணெய் தடவியா கிரீடம் வெச்சீங்க?"

யாழினி

என் மகள் யாழினிக்கு இரண்டு வயது. சாக்ஸ், கிளிப், தொப்பி, எதுவும் அவள் மேல் தங்காது. இதைவிடப் பரீட்சை வேண்டுமா? டீச்சர் மறுபடி வந்த அன்று அவள் கையில் எண்ணெயை வழிய வழியத் தடவி, கடைசியில் ஆழம் சரியாக அமைந்த பட்டையைக் கோத்து ஒட்டினேன். இழுத்தாள். கடித்தாள். சுவரில் தேய்த்தாள். டீச்சர் மடியிலேயே உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு உருவினாள். பட்டை அசையவில்லை.

வீட்டுக்குப் புறப்படும்போது நான் இழுத்தேன், செல்வம் அண்ணா இழுத்தார், வரவில்லை. கத்திரிக்கோலைக் கண்டதும் யாழினி கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு ஊரைக் கூட்டினாள். டீச்சர் அன்றைக்குத்தான் சிரித்தார்: "எல்லாப் புள்ளைக்கும் இதையே போட்டுடும்மா. அப்படியே சாயங்காலம் கழட்டறதுக்கு ஒரு வழியையும் கண்டுபிடி."

பட்டையை முதலில் கண்டுபிடித்தவர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஆனால் அவர் வீட்டிலும் ஓரிடத்தில் உட்காராத பிள்ளை ஒன்று கட்டாயம் இருந்திருக்கும்.