ஐஸ் கம்பெனிக்குப் போன பனிமலைப் பாசி

பனிமலையில் வாழ்கிற உயிருக்குப் பனி பிடிக்கும் என்று நம்பினேன். கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவன், ஐம்பதை நெருங்குகிறவன், இந்த வயதில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவன். இத்தனை தகுதியோடும் நம்பினேன். எங்கள் ஊர்க்காரனுக்குக் குளிர் என்றால் குற்றாலச் சாரல். அதற்கே காதை மூடிக்கொள்வோம். அதற்கு மேற்பட்ட குளிரைப் பற்றி நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது.

இமயத்தின் குளிர்ப் பகுதிகளில் எத்தனை வகை சயனோபாக்டீரியா இருக்கிறது என்பதுதான் என் ஆய்வு. பார்த்தால் பாசி, பிறப்பால் பாக்டீரியா, செடியைப் போல வெயிலில் தனக்குத் தானே சமைத்துக்கொள்ளும். முழங்கால் கெஞ்சக் கெஞ்ச ஏறி, பாறையிலும் பனி உருகும் ஓடையிலும் சுரண்டி எடுத்து வந்தேன். ஊர் வந்து நுண்ணோக்கியில் பார்த்தால், ஒரே சொட்டில் கல்யாண வீட்டுக் கூட்டம். மணி கோத்தது போல ஒன்று, இடையிடையே ஒரு பெரிய மணியோடு. கூழுக்குள் நான்கு நான்காக ஒண்டிக்கிடக்கும் உருண்டைகள். பழுப்புச் சட்டை போட்ட இழை. ஓரமாகச் சட்டையில்லாத ஒரு மெல்லிய நூல்.

படமெடுத்து என் நெறியாளருக்கு அனுப்பினேன். அவர் என்னைவிட வயதில் சின்னவர். அது தனி வேதனை.

"படம் போதாது சார். ஒவ்வொண்ணையும் தனியாப் பிரிச்சு, உயிரோட வளத்துக் காட்டணும். அப்பதான் இத்தனை வகைன்னு எழுத முடியும்."

இன்னொரு தடவை மலையேற எனக்கு விடுப்பும் மிச்சமில்லை, முழங்காலும் மிச்சமில்லை. எல்லாம் கலந்துகிடந்த அந்தக் கண்ணாடிக் குழாய்கள்தான் என் பட்டம்.

முதலில் நன்றாக வளரட்டும், பிறகு பிரிக்கலாம் என்று நினைத்தேன். கல்லூரியின் குளிர்பெட்டியில் எங்கள் துறையின் மோர் குடியிருந்ததால், பாளையங்கோட்டையில் என் வீட்டுக் குளிர்பெட்டியில் குழாய்களை அடுக்கி, உள்ளே குட்டி விளக்கு ஒன்றையும் மாட்டினேன். தோசை மாவு வெளியேற்றப்பட்டது.

"மாவு புளிச்சுப் பொங்குது. உங்க பாசிதான் அசைய மாட்டேங்குது" என்றாள் மனைவி.

உண்மைதான். மாதக்கணக்காக ஒரு துளி பச்சை கூடவில்லை. குளிர் போதவில்லை போலிருக்கிறது என்று திருகியை இன்னும் ஒரு சுற்றுத் திருகினேன். அப்போதும் வளரவில்லை. விளக்கை மாற்றினேன், நீரை மாற்றினேன், கடைசியில் குழாய்களைத் திட்டினேன். வீட்டுக்கு வந்த விருந்தாளியை விழுந்து விழுந்து உபசரித்தும் அவர் இலையில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தால் எப்படி எரியும், அப்படி எரிந்தது.

அக்கினி வெயிலில் ஒரு காலை, தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்தது. சாயங்காலம் வரை கரண்ட் வராது என்றார்கள். வீட்டிலிருந்த ஒரே தெர்மாகோல் பெட்டியில் பாதிக் குழாய்கள்தான் அடங்கின. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் பேட்டை ஐஸ் கம்பெனிக்குப் பறந்தேன்.

ஐஸ் உடைக்கிறவர் பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"மீனு எங்க அண்ணாச்சி?"

"மீனில்ல, பாசி."

"பாசியா?" அவர் பின்னால் திரும்பிக் கத்தினார். "ஏலே, இங்கன வாங்கலே! அண்ணாச்சி பாசிய ஐஸ்ல வைக்க வந்திருக்காரு!" பிறகு என்னிடம், "ஆத்துப் படித்துறையில வழுக்கி வழுக்கி விழுதோம், அதுக்கு யாரு வே ஐஸு வச்சா?"

"இது இமயமலைப் பாசி."

"அப்ப ஸ்வெட்டரும் போட்டு வுடும்."

ஐஸ்தூளில் புதைத்த பெட்டியோடு வீடு திரும்பினால், அடுத்த அதிர்ச்சி. கரண்ட் இல்லாத நேரத்தில் குளிர்பெட்டியைக் கழுவிவிடலாம் என்று மனைவி மீதிக் குழாய்களைச் சமையலறை சன்னலில் வரிசையாக நிறுத்தியிருந்தாள். காலை வெயில் அவற்றின் மேல் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஏன் கத்துதிய? அதுதான் ஒண்ணும் வளரலியே, அங்கன இருந்தா என்ன?" என்றாள் மனைவி.

செத்தது செத்ததுதான் என்று அவற்றை அப்படியே விட்டுவிட்டேன். பார்க்கவே பிடிக்கவில்லை. அடுத்த வாரம் தண்ணீர் குடிக்கப் போனபோதுதான் கண்ணில் பட்டது. சன்னல் குழாய்கள் பச்சைப்பசேலென்று இருந்தன. ஐஸ் கண்டு திரும்பவும் குளிர்பெட்டிக்குப் போனவை பழைய வெளிறல் மாறாமல் இருந்தன.

அப்புறம் உட்கார்ந்து படித்தேன். குளிர்மலைச் சயனோபாக்டீரியாவில் பெரும்பாலானவை குளிரைத் தாங்குகின்றன, அவ்வளவுதான். கதகதப்பு கிடைத்தால் நன்றாக வளரும். மலையில் மத்தியானம் நான் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்த பாறையைச் சுரண்டித்தான் அவற்றை எடுத்தேன். பாறை சுட்டது என் பின்புறத்துக்குத் தெரிந்திருந்தது; எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் நிறுத்திப் பிரித்திருப்பான். எனக்கு வந்ததோ எதிர்த்திசைப் பதற்றம். இத்தனை மாதத்தை வீணாக்கிவிட்டோமே என்று, குளிர்பெட்டியில் இருந்த அத்தனையையும் சன்னலுக்குக் கொண்டுவந்து வைத்தேன். மாற்றுக்கென்று ஒரு குழாயைக்கூட உள்ளே விடவில்லை. மாவு வீடு திரும்பியது. எல்லாக் குழாயும் பச்சையானதும் நெறியாளரைக் கூப்பிட்டேன்.

"எல்லாம் வளந்திருச்சு சார்."

"அருமை! எத்தனை வகை?"

"இப்பப் பாத்துச் சொல்லுதேன்."

முதல் குழாயில் சட்டையில்லாத மெல்லிய நூல். இரண்டாவதிலும் அதுவே. மற்ற குழாய்களிலும் அதுவேதான். மணி கோத்ததைக் காணோம், கூழ் உருண்டையைக் காணோம், பழுப்புச் சட்டையைக் காணோம். குளிர் அவற்றைக் கொல்லவில்லை. பாளையங்கோட்டை வெயிலும் கொன்றதாகத் தெரியவில்லை. வேகமாக வளர்கிற அந்த ஒன்று, மெதுவாக வளர்கிற மற்ற எல்லாவற்றையும் மூடி அமுக்கிவிட்டது. நெறியாளரிடம் ஒரு வகை என்று சொன்னேன்.