படத்தில் இல்லாத கொக்கி

குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டுப் பிரிவில் நான் குமாஸ்தாவாக இருந்த காலமெல்லாம் என் காது ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தது. உள்ளே தட்டச்சு எந்திரம். வெளியே காங்கிரீட் கலக்கும் எந்திரம். வெளிச்சத்தம்தான் எனக்குப் பிடித்தது. நெய்வேலி அப்போது எழுந்துகொண்டிருந்த ஊர். முந்திரிக் காடாகக் கிடந்த இடத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். அடுத்த தடவை அந்தப் பக்கம் சைக்கிளில் போனால் சுவர் நிற்கும். இப்படி ஓர் ஊரே கண்ணெதிரில் முளைக்கும்போது ஒருவன் எப்படி நாற்காலியில் உட்கார்ந்திருப்பான்?

கட்டட வேலைகளைப் பார்த்துவந்த எஞ்சினியருக்கு ஆள் பற்றவில்லை. கணக்கு நன்றாக வருகிறவன், வெயிலுக்கு அஞ்சாதவன் யாராவது உண்டா என்று ஒருநாள் எங்கள் பிரிவுக்கே வந்து கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன். நிபந்தனை ஒன்றுதான். ஒரு பிளாக்குக்கு மேற்பார்வையாளனாக இருந்து, கூரைவரை வேலையை முடிக்க வேண்டும். ஒழுங்காக வந்தால் அங்கேயே இருக்கலாம். கோளாறு வந்தால் பழைய நாற்காலி.

“நிழலின் அருமை வெயிலில் தெரியும், தம்பி” என்றார் எங்கள் தலைமைக் குமாஸ்தா.

“தெரிஞ்சுட்டுப் போகட்டும் சார்” என்று சொல்லிவிட்டு அன்றைக்கே ஒரு தொப்பி வாங்கினேன்.

முதல் சில வாரங்கள் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. ஆனாலும் அத்தனை சந்தோஷமாக நான் இருந்ததில்லை. காங்கிரீட்டில் ‘ஹனிகோம்ப்’ விழக்கூடாது என்று கட்டடப் பிரிவுக்காக ஒப்பந்தக்காரர்களுக்கு எத்தனையோ கடிதம் அடித்துக் கொடுத்தவன் நான். காங்கிரீட்டில் தேன்கூடு எப்படி விழும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஈரக் காங்கிரீட்டைக் கம்பியால் சரியாகக் குத்தாமல் விட்ட தூணில் பொந்து பொந்தாக இருந்ததை மேஸ்திரி காட்டியபோது, விரலை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். வெயிலில் இந்த ஆளுக்கு மண்டை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பார்.

ஆபீசிலிருந்து ஒரே ஒரு விஷயம் மட்டும் என்னோடு கூடவே வந்திருந்தது. புது வீடு கிடைத்த சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மனைவி, கைக்குழந்தையோடு என் மேஜை முன்னால் வந்து நின்றதுதான் அது.

“வூடு நல்லாத்தாங்க இருக்குது. தூளி கட்டத்தான் ஒரு எடமில்ல. எங்க கூர வூட்ல மூங்கில்ல கட்டி ஆட்டி வுட்டுட்டு நான் பாட்டுக்கு சோறாக்குவன். இங்க புள்ளய இடுப்புல வெச்சிக்கினே ஒல வெக்க வேண்டிருக்கு. தரையில போட்டா எறும்பு புடுங்குது.”

“அது பிளான்ல இல்லையேம்மா” என்றேன்.

“பிளான் போட்டவருக்குப் புள்ளகுட்டி கெடையாதுங்களா?”

அதன்பிறகு அதே குறையோடு வேறு சிலரும் வந்தார்கள். ஓட்டு வீட்டில் உத்தரம் உண்டு, கூரை வீட்டில் மூங்கில் உண்டு. எங்கள் காங்கிரீட் கூரையோ உள்ளங்கை மாதிரி வழவழவென்று இருந்தது.

என் பிளாக்குக்குக் கூரை போடும் நாள் வந்தது. சவுக்குக் கம்புகள் முட்டுக் கொடுத்து, மேலே பலகை பரப்பி, அதன்மேல் இரும்புக் கம்பிகள் கட்டியாகிவிட்டன. இனி காங்கிரீட் கொட்டினால் முடிந்தது. இறுகியபின் ஒன்றும் செய்ய முடியாது. கம்பிகளின்மேல் நின்றபோது அந்த அம்மாளின் கேள்வி மறுபடி காதில் விழுந்தது. வெட்டிப் போட்ட துண்டுக் கம்பிகள் கீழே கிடந்தன. நான் யோசிக்கிற ஆளில்லை, வேலையில் இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு ஒரு கொக்கி. பலகையில் ஓட்டை போட்டு, வளைவைக் கீழே தொங்கவிட்டு, இரண்டு முனைகளையும் மேலே பெரிய கம்பிகளின்மேல் மடக்கிக் கட்டச் சொன்னேன்.

மேஸ்திரிக்கு முகம் சுருங்கிவிட்டது. “படத்துல இல்லாதத வெக்கச் சொல்றீங்க. பெரியவரு கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும். என்னைய இழுக்காதீங்க.”

“நான் சொல்லிக்கறேன் மேஸ்திரி. நீங்க கட்டுக் கம்பிய நல்லா இறுக்குங்க.”

அப்புறம் நிற்க நேரமில்லை. எந்திரம் உருள, கம்மாபுரம் பக்கத்துப் பெண்கள் சாரத்தில் வரிசையாக நின்று காங்கிரீட் சட்டியைக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். நடுவில் நிறுத்தினால் காய்ந்ததும் ஈரமும் ஒன்றாகச் சேராமல் ஒட்டு விழுந்துவிடும் என்பதால் யாரும் நிறுத்தவில்லை. நான் நின்றபடியே சோறு தின்றேன், கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. பொழுது சாயும்போது என் கூரை ஈரமாக மின்னியது. என் கூரை! கால் வலி ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள்தான் பயம் வந்தது. காங்கிரீட் நன்றாக இறுகுவதற்காகக் கூரைமேல் வயலுக்குக் கட்டுவதுபோலப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். தினமும் நான் சவுக்குக் கம்புகளுக்குள் நுழைந்து, அந்த இருட்டில் கொக்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன். எஞ்சினியரிடம் சொல்ல வாய் திறப்பேன், நாற்காலி ஞாபகம் வரும், மூடிக்கொள்வேன்.

முட்டுப் பிரிக்கும் நாளில் அவரே வந்துவிட்டார். கம்புகள் சாய்ந்தன, பலகைகள் இறங்கின. கூரை அசையவில்லை. அண்ணாந்து பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தவர் கொக்கியடியில் நின்றுவிட்டார்.

“என்ன இது?”

“கொக்கி சார்.”

“அது தெரியுது. படத்துல இருக்கா?”

“இல்ல சார்.”

மேஸ்திரி மெல்ல நகர்ந்து தூணுக்குப் பின்னால் போனார். இனி மறைத்துப் பயனில்லை என்று, அந்த அம்மாள் வந்தது, சொன்னது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பிளான் போட்டவருக்குப் பிள்ளைகுட்டி கிடையாதா என்ற கேள்வியைக்கூட விடவில்லை. சித்தாள் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“தாங்குமா?”

“தாங்கும் சார். ரெண்டு முனையையும் பெரிய கம்பி மேல மடக்கிக் கட்டியிருக்கு.”

“வாயால சொன்னா ஆச்சா? தொங்கிக் காட்டுங்க.”

சாரம் கட்டும் கயிற்றை எடுத்துக் கொக்கியில் மாட்டினேன். இரண்டு கையாலும் பிடித்துக் காலைத் தூக்கினேன். கொக்கி ‘க்’ என்றுகூடச் சொல்லவில்லை.

“நல்லா ஆடுங்க” என்றார். ஆடினேன். “தூளியில போட்ட புள்ளயாட்டம் ஆடிக்கினு இருக்காரு பாருங்கடி!” என்று ஒரு பெண் கூவ, மற்றவர்கள் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார்கள். எஞ்சினியர் என்னைப் பார்க்கவில்லை. சமையற்கட்டு வாசலையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அடுப்புக்கு நேரா வெச்சிருக்கீங்க. குழந்தைக்குப் புகை அடிக்கும். அடுத்த பிளாக்குல ஜன்னல் பக்கமாத் தள்ளி வைங்க.”

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த பிளாக் என்றாரே! கை எரிந்தது. ஆனாலும் கயிற்றை விட மனமில்லாமல், இன்னொரு தடவை நன்றாக வீசி ஆடினேன்.