குளிர் ஒத்துக்கலை

போன வாரம் வால்பாறைக்குப் போயிருந்தோம். மகன் கார் ஓட்ட, பக்கத்தில் மருமகள். பின்சீட்டில் நானும் என் வீட்டுக்காரரும். ஆழியாறு தாண்டி வளைவுகளில் ஏற ஆரம்பித்ததும் பனி இறங்கிவிட்டது. ஹெட்லைட் போட்டும் ரோடு தெரியவில்லை.

காருக்குள் பேச்சே இல்லை. பொள்ளாச்சியிலிருந்தே இல்லை. மகனுக்கும் மருமகளுக்கும் ஏதோ மனஸ்தாபம். என்னவென்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

ஏதோ ஒரு வளைவில் மருமகள் வாயைத் திறந்தாள். "ரொம்பக் குளிருது."

மகன் சுவிட்சைத் தட்டினான். அவள் பக்கத்துக் கண்ணாடி ஏறியது. கடமை முடிந்தது.

என் வீட்டுக்காரர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தால் வேறு என்ன செய்வது?

மலாயாவில், பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்தில், திருப்பூரிலிருந்து போய், நாங்கள் ஒரு வருஷம் இருந்தோம். அவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர். காயத்துக்குக் கட்டுப் போடுவது, ஊசி போடுவது, பிரசவம் பார்ப்பது எல்லாம் அவர்தான். டாக்டர் எப்போதாவதுதான் வருவார். எங்கள் மகள் சாந்திக்கு அப்போது ஐந்து வயது. காரோட்டிய மகன் பிறக்கவில்லை.

அது அவசரகாலம். நம் ஊர் எமர்ஜென்சி அல்ல, அதற்கு இருபது வருஷம் முந்தியது. காட்டுக்குள் கம்யூனிஸ்டு கொரில்லாக்கள், வெளியே பிரிட்டிஷ் பட்டாளம், நடுவில் தேயிலை கிள்ளும் தமிழர்கள். எங்கள் லயங்களை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளை, சுற்றி முள்வேலி. ஒரே ஒரு கேட். அதில் துப்பாக்கியோடு ஸ்பெஷல் கான்ஸ்டபிள். போலீஸ்காரரை அங்கே எல்லோரும் 'மாத்தா' என்பார்கள். இருட்டினால் கேட் சாத்தப்படும். அதற்கப்புறம் வெளியே நடமாடுகிறவன் யாராக இருந்தாலும் எதிரிதான்.

இதற்கு நடுவிலும் ஞாயிற்றுக்கிழமை வரத்தானே செய்யும்? குழந்தையை வேலிக்குள்ளேயே வைத்திருக்க முடியுமா? அருவிக்கரைக்கு ஒரு தடவை கிளம்பினோம். நான் நம் ஊர் வழக்கப்படி விடியற்காலையில் புளியோதரை கிளறி, இலையில் கட்டி எடுத்து வந்தேன். கேட்டில் நிறுத்திவிட்டார்கள். காட்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதாம். ஒரு பிடி சோறு வெளியே போகக் கூடாது என்பது சட்டம்.

என்ன செய்வது? கேட் ஓரத்திலேயே உட்கார்ந்து, காலை ஏழு மணிக்கு, மொத்தப் புளியோதரையையும் தின்று தீர்த்தோம். மாத்தாவுக்கும் ஒரு உருண்டை கொடுத்தேன். அந்தப் பக்கமாய் வந்த அஞ்சலை — எங்கள் பக்கத்து லயம், கொழுந்து கிள்ளுகிறவள், வாய்க்காரி — நின்று பார்த்துவிட்டு, அந்த ஊர் வழக்கப்படி கடைசியில் ஒரு 'லா' ஒட்டிக் கேட்டாள்.

"டிரசரம்மா, பிக்னிக்கு முடிஞ்சிருச்சா? திரும்பிப் போலாம் லா!"

அந்த ஊர் வானிலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் கண்ணாடி போல வெயில். மத்தியானம் மழை. மூன்று மணிக்கு மேல் பனி — மலையிலிருந்து இறங்காது, பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வரும். உப்பு ஜாடியில் எப்போதும் தண்ணீர். தீக்குச்சியை அடுப்பு மேட்டில் வைத்துச் சூடுபடுத்தித்தான் உரச வேண்டும். துணியைக் கரியடுப்புக்கு மேல் கயிறு கட்டிக் காயப்போடுவேன். புகை வாசத்தோடு உடுத்திக்கொள்வோம்.

"இந்தக் குளிர் எனக்கு ஒத்துக்கலை" என்று நான் அவரிடம் தினமும் சொல்வேன். அவர் ஒரு கம்பளி வாங்கி வந்தார். மறுபடி சொன்னேன். இன்னொரு கம்பளி வந்தது.

ஒரு வருஷத்துக்கு என்று பேசித்தான் வந்தது. பத்தாவது மாதம், குழாயடியில் அஞ்சலை சாதாரணமாகச் சொன்னாள்: "இன்னும் மூணு வருசம் இருக்கப் போறீங்களாமே? டிரசர் அய்யா தோட்டத்துத் தொரைகிட்ட சரின்னுட்டாராம். நல்லது லா."

எனக்கே அது செய்தி!

அன்றிலிருந்து நான் அவரோடு பேசவில்லை. அவரும் பேசவில்லை. "சாந்தி, அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." "சாந்தி, அம்மாகிட்ட சட்டை எங்கேன்னு கேளு." நாட்டின் இரு தரப்புகளுக்கு இடையில் இல்லாத சமாதானத் தூதர் எங்கள் வீட்டில் இருந்தார். மனதுக்குள் நான் முடிவு செய்திருந்தேன். வருஷம் முடிந்ததும் குழந்தையோடு நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறிவிடுவது. அவர் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

அந்த நிலைமையில்தான் அந்த ஞாயிறு வந்தது. மாதம் ஒரு தடவை தோட்டத்து லாரி குடும்பங்களை ஏற்றிக்கொண்டு தானா ராத்தா டவுனுக்குப் போகும். போனோம். நாகூர்ப் பக்கத்து பாய் ஒருவரின் கடையில் ரொட்டியும் குழம்பும் டீயும். சாந்திக்கு ரிப்பன். நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருந்தோம். "உப்பு போதுமா தங்கச்சி?" என்று பாய் என்னைக் கேட்டார். அன்று என்னோடு நேரடியாகப் பேசிய ஒரே ஆண் அவர்தான்.

திரும்பும்போது நல்ல மழை. தோட்டத்துக்குப் பிரியும் ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. லாரி நின்றது. காவலுக்கு வந்தவர்களும் மற்ற ஆண்களும் மண்ணை வார இறங்கினார்கள். சாந்தி தொப்பலாக நனைந்துவிட்டாள். "டிரசர் அய்யா, புள்ளையத் தூக்கிட்டு நீங்க நடங்க. கேட்டு கிட்டத்தான். இருட்டுறதுக்குள்ள போயிருங்க" என்றார் டிரைவர். அஞ்சலையும் எங்களோடு கிளம்பினாள். கையில் புதிதாக வாங்கிய அரிக்கேன் விளக்குக் கண்ணாடி; அதைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். பனி ஏறி வந்துவிட்டது. இரண்டு பக்கமும் தேயிலை, அதற்கு மேல் காடு. எல்லாம் மறைந்துபோனது. முன்னால் நடந்த அவருடைய முதுகுகூட எனக்குத் தெரியவில்லை. பயத்தில் மூச்சு விடவே யோசித்தேன். அவரும் சத்தம் காட்டாமல் நடந்தார்.

அஞ்சலை மட்டும் ஓயாமல் பேசினாள். தன் மருமகளைத் திட்டினாள், கங்காணியைத் திட்டினாள், விளக்குக் கண்ணாடி விலையைத் திட்டினாள். திடீரென்று இருமல் வந்து குரல் கம்மிவிட்டது.

"எனக்குத் தொண்ட கட்டிருச்சு" என்றாள். "நீங்க பேசுங்க."

"இந்த நேரத்தில என்ன பேச்சு? சத்தமில்லாமப் போலாம்" என்றேன் நான்.

"அய்ய, பனியில வாய மூடிட்டு நடக்கவே கூடாதும்மா. கேட்டுல நிக்கிற மாத்தா காதுல நம்ம சத்தம் விழணும். இல்லாட்டி எவனோ பதுங்கி வர்றான்னு சுட்டுப்புடுவான். காட்டுல இருக்கறவன் காதுலயும் விழணும். குடும்பம் போகுதுன்னு விட்டுருவான். பேசுங்க, பேசுங்க!"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "குளிர் ஜாஸ்தியா இருக்கு."

நான் அவர் தோளில் இருந்த சாந்தியிடம் சொன்னேன். "அப்பாகிட்ட கேளு, குளிர் இன்னிக்குத்தான் தெரிஞ்சுதான்னு."

"புள்ள காதுல குசுகுசுன்னா எப்படி?" அஞ்சலை அதட்டினாள். "நேரா அவருகிட்டப் பேசுங்க. சண்டன்னா சண்ட. சத்தமாப் போடுங்க லா!"

போட்டேன். பல நாளாக அடைத்து வைத்தது. "யாரைக் கேட்டு மூணு வருஷத்துக்குச் சரின்னீங்க? நான் இந்த வீட்டில யாரு?"

"சாந்திக்காகத்தான் சரின்னேன்!" அவர் இப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. "திருப்பூர்ல மாசம் ரெண்டு தடவை இவளுக்கு மூச்சிரைப்பு வருமே, ராத்திரியெல்லாம் தூக்கிட்டு உக்காந்திருப்பியே. இங்க வந்து ஒரு தடவை வந்துச்சா? அந்தப் பஞ்சு மில் தெருவுக்குத் திரும்பிக் கூட்டிட்டுப் போகச் சொல்றியா?"

நான் நடப்பதை நிறுத்திவிட்டேன். உண்மைதான். பத்து மாதமாகக் குழந்தைக்கு இரைப்பு வரவில்லை. பிற்பாடு நான் இருபத்தைந்து வருஷம் பத்திரிகையில் இருந்தேன். அங்கேயும் இதே கதைதான் — வந்தது செய்தி, வராதது செய்தியில்லை.

"நின்னுட்டீங்க பாருங்க" என்றாள் அஞ்சலை. "நடங்க, பதில் சொல்லுங்க."

"அதை ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீ எதைச் சொன்னே? தினமும் குளிர் ஒத்துக்கலைங்கறே. கம்பளி வாங்கிட்டு வந்தா அதுவும் பிடிக்கலை. வேற என்னதான் வேணும் உனக்கு?"

"உங்க லாரி வேணும்!" என்று கத்தினேன். "அடுத்த டிவிஷன்ல யாருக்கோ ஜுரம்னு உங்களைக் காட்டு ரோட்டில கூட்டிட்டுப் போறாங்களே... நீங்க திரும்பி வர்ற லாரி சத்தம் காதில விழற வரைக்கும் நான் அடுப்புப் பத்த வைக்கிறதில்லை. ஜன்னல்லயே நிக்கிறேன். ஒவ்வொரு தடவையும்!"

அவர் நடையைக் குறைத்து எனக்குப் பக்கத்தில் வந்தார்.

"ஒரு நாளும் சொல்லலையே" என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது.

"குளிர் ஒத்துக்கலைன்னு தினமும் சொன்னேனே!"

அவர் பதில் சொல்வதற்குள் பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. மலாய்க்காரரின் தோட்டத்துத் தமிழ். "டிரசர் தானே? வாங்க வாங்க. எல்லாம் கேட்டாச்சு."

கேட் அவ்வளவு கிட்டத்தில் இருந்தது. புளியோதரை தின்ற அதே மாத்தாதான். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்து மெதுவாகத் தீர்ப்பும் சொன்னார். "அக்கா சொல்றது பெத்துல் லா." பெத்துல் என்றால் சரி என்று அர்த்தம்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்த அத்தனை பேரும் மருந்தை வாங்கிக்கொண்டு ஒரு அபிப்பிராயத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். பாதிப் பேர் என் பக்கம், பாதிப் பேர் சாந்தி பக்கம். அவர் பக்கம் யாரும் இல்லை.

அந்த வாரமே அவர் துரையிடம் போய், வருஷம் முடிந்ததும் கிளம்புவதாகச் சொல்லிவிட்டார். கப்பலில் மூவருமாகவே வந்தோம். ஆனால் திருப்பூருக்குப் போகவில்லை. குளிரும் வேண்டும், துப்பாக்கி வேண்டாம் — அப்படி ஒரு ஊர் தேடினோம். வால்பாறைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை கிடைத்தது. சாந்தி அங்கேதான் இரைப்பில்லாமல் வளர்ந்தாள்.

எங்களுக்கு அது ஒரு வருஷம். அஞ்சலைக்கு அப்படியில்லை. லாரி ஏறும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லபடியா போங்கம்மா. இனி பனி ஏறினா எங்களுக்குப் பேச விசயம் இருக்கு லா. உங்க சண்டய வச்சே ரெண்டு வருசம் நடந்துருவோம்" என்றாள்.

அந்தக் கேட்டை அவள் எத்தனை வருஷம் கடந்தாளோ... தெரியாது. அந்தப் பக்கம் நாங்கள் மறுபடி போகவில்லை.

வீடுகளில் வெயில், மழை, குளிர் பற்றி எவ்வளவு பேசுகிறோம்! 'புழுக்கம் தாங்கலை', 'இந்த ஊர்த் தண்ணி சேரலை' — இதெல்லாம் உண்மையிலேயே வானிலை அறிக்கைதானா? சில சமயம் அப்படியும் இருக்கலாம். எல்லா சமயமும் இல்லை. கேட்கிறவர் கம்பளியைத் தேடிப் போய்விடுகிறார், அதுதான் சுலபம்.

வால்பாறை ரோட்டுக்கு வருகிறேன். கண்ணாடி ஏறிவிட்டது. கார் ஊர்ந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் முன்பக்கம் குனிந்து மகனின் தோளைத் தட்டினார்.

"கண்ணாடிய ஏத்தினது சரிடா. இப்ப என்னன்னு கேளு."