தண்ணி லாரிக்காரி

தீயணைப்பு நிலையத்தில் கண்மணியின் கையில் முதன்முதலாகக் கொடுத்தது ஒரு கரண்டி.

அமெரிக்காவின் டெக்சாஸில் உள்ள பிளானோ நகரிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம் காரில் போனால் வரும் சிற்றூர் அது. தீயணைப்பு நிலையம் என்றால் ஒரு தகரக் கொட்டகை, மூன்று வண்டிகள், இருபத்திரண்டு தொண்டர்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆளுக்கொரு பேஜர் உண்டு. எங்காவது தீப்பிடித்தால் அது அலறும். பண்ணையிலும் பட்டறையிலும் இருப்பவர்கள் போட்டது போட்டபடி ஓடி வருவார்கள். வண்டிகளின் டீசல் செலவுக்காக வருஷத்துக்கு இரண்டு முறை பீன்ஸும் இறைச்சியும் அண்டாவில் வேக வைத்து ஊரைக் கூட்டி விருந்து வைத்துக் காசு திரட்டுவார்கள். அங்கே பரிமாறத்தான் கரண்டி.

"பெண்கள் பொதுவாக இந்தப் பக்கம்," என்று மேசையைக் காட்டினார் ராய்ஸ். புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் கேப்டன் அவர்தான்.

கண்மணி இரண்டு அண்டா காலியாகும் வரை பரிமாறினாள். கரண்டியைக் கழுவித் துடைத்து ஆணியில் மாட்டினாள். பிறகு ராய்ஸிடம் போய், "உறுப்பினர் படிவம் எங்கே இருக்கு?" என்று கேட்டாள்.

பல்லடத்தில் அவள் அப்பாவுக்குப் பம்புசெட் ரிப்பேர் கடை. அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் கண்மணி. மெக்கானிக்கல் இன்ஜினியரிங். பட்டம் வாங்கிய மறு வருஷம் பசுபதியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். அவனுக்கு இந்த ஊரிலிருந்து இருபத்தைந்து மைல் தள்ளி இரும்பு வார்ப்படத் தொழிற்சாலையில் இன்ஜினியர் வேலை. அவளுக்கு H-4 விசா. அந்த விசாவில் வருகிற மனைவி சாப்பிடலாம், தூங்கலாம், கார் ஓட்டலாம். வேலை மட்டும் பார்க்கக் கூடாது. நான்கு வருஷம் அப்படியே போனது. பட்டச் சான்றிதழ் சூட்கேஸில், ரேஷன் கார்டு நகலுக்கு அடியில் கிடந்தது.

இரண்டாயிரமாம் ஆண்டு மார்ச்சில் ஒரு மத்தியானம் வீட்டுக்குப் பின்னாலிருந்த புல்வெளி பற்றிக்கொண்டது. அழைத்து முப்பத்தைந்து நிமிஷம் கழித்து ஒரு சின்ன வண்டி வந்தது. அதிலிருந்து இறங்கியது ஒரே ஒரு ஆள். அறுபத்தாறு வயது, ஒரு முழங்கால் மடங்காது. நிலையத்தின் தலைவர் வெர்ன் அவர்தான். கண்மணி செருப்போடு ஓடிப் போய் அவருக்குப் பின்னால் குழாயைத் தூக்கிப் பிடித்தாள்.

"மற்றவர்கள் எங்கே?" என்று கேட்டாள், தீ அணைந்த பிறகு.

"வேலையில். ஐந்து மணிக்கு மேல் தீப்பிடித்தால் இருபது பேர் வருவார்கள்," என்றார் வெர்ன். "தீக்குத்தான் அது தெரியவில்லை."

பகல் முழுக்க ஊரில் இருக்கிற ஒரே இன்ஜினியர் தான்தான் என்று கண்மணிக்கு அப்போது உறைத்தது. அடுத்த வாரமே நிலையத்து விருந்துக்குப் போனாள்; கரண்டியும் படிவமும் கிடைத்தன.

பசுபதி படிவத்தைப் பார்த்துவிட்டுச் சோற்றில் கை வைக்கவில்லை.

"கிரீன் கார்டு ஃபைல் பண்ணியிருக்கற நேரத்துல இதெல்லாம் எதுக்கு? H-4ல வொர்க் பண்ணக் கூடாதுன்னு தெரியும்ல?"

"சம்பளம் வாங்குனாத்தானுங்க வேலை. லாயருக்கு போன் பண்ணிக் கேட்டுட்டேன். நாலு வருஷமா இந்த வீட்டுல சமைச்சுத் துவைச்சுப் போட்டனே, அதுக்கு யாராச்சும் விசா கேட்டாங்களா?"

"அந்த ராய்ஸ் யாரு தெரியுமா? எங்க பிளான்ட்ல ஃபோர்மேன். தெனம் அவன் மூஞ்சியத்தான் பாக்கோணும்."

"பாருங்க. நல்லா இருக்காரான்னு கேட்டதாச் சொல்லுங்க."

பிளானோவில் ஒரு வீட்டுப் பூஜையில் ஷ்யாமளா ஆன்ட்டி பத்துப் பேர் நடுவில் கேட்டாள். "ஏண்டி, தண்ணி லாரி ஓட்டக் கத்துக்கறியாமே? வேற வேலையே கிடைக்கலியா?"

"வேலைக்குத்தான் எனக்குப் பர்மிஷன் இல்லியே ஆன்ட்டி," என்றாள் கண்மணி. சுண்டலை இன்னொரு கை வாங்கிக்கொண்டாள்.

ஆறு மாதம் தகுதிகாண் காலம். அது முடிந்து உறுப்பினர்கள் வாக்களித்துச் சேர்த்துக்கொண்டால்தான் வண்டி ஓட்டலாம், பம்பை இயக்கலாம். அதுவரை குழாய் இழுப்பது, சுருட்டுவது, ரேடியோ கேட்பது. கண்மணி ஒரு செவ்வாய்க்கிழமைப் பயிற்சியைக்கூட விடவில்லை. ராய்ஸ் பக்கத்தில் உட்கார, தண்ணி லாரியை மைதானத்தில் ஓட்டிப் பழகினாள். நான்காயிரம் லிட்டர் பிடிக்கும் பழைய ராணுவ லாரி அது. அப்பா கடை டெம்போவில் பழகிய காலுக்கு அதன் கிளட்ச் வசப்பட்டுவிட்டது. ராய்ஸ் ஒருநாளும் "நன்று" என்று சொன்னதில்லை. "இன்னும் மெதுவாக" என்பார். எப்போதும் அது ஒன்றுதான்.

ஏன் என்று வெர்ன்தான் சொன்னார். பதினொரு வருஷத்துக்கு முன்னால் வாக்கெடுப்புக்குக் காத்திருந்த பையன் ஒருவன், அவசரம் என்று தண்ணி லாரியை எடுத்துக்கொண்டு போனான். ஓடைக்கரை வளைவில் உள்ளே இருந்த தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து லாரியைப் புரட்டிவிட்டது. பையன் பிழைக்கவில்லை. அவன் ராய்ஸின் தம்பி. 'வாக்களிக்கப்படாதவர் வண்டியை எடுக்கக் கூடாது' என்ற விதியை எழுதியது ராய்ஸ்.

ஆகஸ்டில் மழை என்பதே இல்லை. புல் அப்பளம் போல நொறுங்கியது. ஒரு புதன்கிழமை இரண்டு மணிக்குப் பேஜர் அலறியபோது நிலையத்துக்கு வந்து சேர்ந்தது இரண்டே பேர், வெர்னும் கண்மணியும். வைக்கோல் கட்டும் இயந்திரத்திலிருந்து பொறி பறந்து வயல் பற்றியிருந்தது.

"நான் சின்ன வண்டியில் போகிறேன். நீ ரேடியோவில் இரு. தண்ணி லாரிக்கு ராய்ஸ் வருவான்," என்று சொல்லிவிட்டு வெர்ன் கிளம்பினார்.

பதினைந்து நிமிஷத்தில் ரேடியோவில் அவர் குரல் இரைத்தது. "தண்ணீர் முடியப் போகிறது. தீ வேலியைத் தாண்டினால் அந்தப் பக்கம் திருமதி கிளாடிஸின் வீடு. அவள் ஆக்சிஜன் சிலிண்டரோடு படுக்கையில் இருக்கிறாள். ராய்ஸ் எங்கே?"

கண்மணி தொழிற்சாலைக்கு இரண்டு முறை போன் செய்தாள். ராய்ஸ் உலைக்குப் பக்கத்தில் இருக்கிறார், ஆள் போயிருக்கிறது என்றார்கள். அங்கிருந்து வர இருபத்தைந்து மைல். ஆணியில் சாவி தொங்கியது. ராய்ஸின் தம்பியும் இப்படித்தான் சாவியைப் பார்த்திருப்பான் என்று தோன்றியது. தோன்றியும் எடுத்தாள்.

ஓடைக்கரை வளைவுக்கு முன்னாலேயே இரண்டாவது கியருக்கு வந்துவிட்டாள். உள்ளே தண்ணீர் முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல ஒருமுறை தள்ளியது. அது அடங்கும் வரை காத்திருந்து, நடக்கிற வேகத்தில் வளைவைக் கடந்தாள்.

வெர்ன் அவளைப் பார்த்தார். குழாய் முனையைத் தூக்கிக்கொண்டு வேலியை நோக்கி நொண்டினார். நான்காயிரம் லிட்டர் வெகுநேரம் தாங்கவில்லை. பக்கத்தில் மாடுகள் தண்ணீர் குடிக்கும் குட்டை ஒன்று, பாதி சேறாக வற்றிக் கிடந்தது. கண்மணி லாரியைக் கரைக்குக் கொண்டுபோய் உறிஞ்சு குழாயை உள்ளே இறக்கி, பம்பை ஓட விட்டாள். பம்பு வெறுமனே கத்தியது. தண்ணீர் ஏறவில்லை. எங்கேயோ காற்று இழுக்கிறது. காதை வைத்துக் கேட்டாள். குழாய் பம்போடு சேரும் இணைப்பில் மெல்லிய சீறல். உள்ளே ரப்பர் வாஷர் வெடித்திருக்க வேண்டும். மாற்று வாஷர் வண்டியில் இல்லை.

பல்லடத்தில் எந்தத் தோட்டத்துக்காரனும் இதற்காக மெக்கானிக்கைக் கூப்பிட மாட்டான். குட்டைக்கரை முழுக்கப் பச்சைச் சாணி. கையுறையைக் கழற்றி வீசினாள். இரண்டு கையாலும் அள்ளி இணைப்பைச் சுற்றி அப்பி அமுக்கினாள். தலையில் கட்டியிருந்த துணியை நனைத்து அதன் மேல் இறுக்கிக் கட்டினாள். சாணியைப் பம்பு உள்ளே இழுத்துக்கொண்டது. இழுக்க இழுக்க அடைபட்டது. சீறல் நின்றது. குழாய் கனத்தது. வேலியோரத்தில் வெர்னின் கையில் தண்ணீர் பீறிட்டது.

ராய்ஸும் மூன்று பேரும் வந்து சேர்ந்தபோது வேலிக் கம்பங்கள் புகைந்துகொண்டிருந்தன. அதற்கு அப்பால் ஒரு புல்கூடக் கருகவில்லை. ராய்ஸ் தீயைப் பார்க்கவில்லை. லாரியைப் பார்த்தார். பிறகு இணைப்பைப் பார்த்தார்.

"என்ன இது?"

"சாணி," என்றாள் கண்மணி.

செப்டம்பர் கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு முன் ராய்ஸ் எழுந்து குற்றச்சாட்டைப் படித்தார். ஒன்று, அனுமதியில்லாமல் வண்டியை எடுத்தது. இரண்டு, நிலையத்தின் உபகரணத்தில் மாட்டுச் சாணியைப் பூசியது. இரண்டாவதைப் படிக்கும்போது பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். ராய்ஸ் சிரிக்கவில்லை.

"மன்னிப்புக் கேட்டால் இதை இங்கேயே விட்டுவிடலாம்," என்றார்.

கதவோரம் உட்கார்ந்திருந்த பசுபதி முன்னால் குனிந்து மெல்லத் தமிழில் சொன்னான். "ஒரு சாரி சொன்னா என்ன கொறஞ்சு போவுது? சொல்லிரு கண்மணி. நாளைக்கு நான் அந்தாளு மூஞ்சிலதான் முழிக்கோணும்."

கண்மணி எழுந்தாள். இந்த மூன்று வாரமாகப் பாத்திரம் கழுவும்போதெல்லாம் அவளைக் குடைந்த கேள்வி ஒன்று இருந்தது. அந்தக் கிழவிக்காக ஓடினேனா? இல்லை, என் படிப்புக்கு ஒரு வேலை கிடைத்தது என்று ஓடினேனா? இரண்டும்தான் என்றே ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது. அந்த இரண்டாவதற்காக வெட்கப்பட வேண்டுமா என்று மட்டும் இன்னும் தெரியவில்லை.

"முதலில் ஒன்று கேட்கிறேன்," என்றாள். "நாளை மத்தியானம் இரண்டு மணிக்கு இந்த ஊருக்குள் இருக்கப் போகிறவர்கள் கை தூக்குங்கள்."

வெர்ன் கை தூக்கினார். வேறு யாரும் இல்லை. கண்மணி தன் கையையும் தூக்கினாள்.

"மன்னிப்புக் கேட்க மாட்டேன். மறுபடி நடந்தால் மறுபடி எடுப்பேன். இதை இப்போதே சொல்லிவிடுவதுதான் நேர்மை." ராய்ஸைப் பார்த்தாள். "அந்த விதியை எதற்கு எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியும். வளைவில் புரட்டிவிடுவேன் என்று பயம் இருந்தால் என்னைச் சோதித்துப் பாருங்கள். மன்னிப்புக் கேட்டால் மட்டும் லாரி கவிழாதா?"

வெர்ன் தொண்டையைச் செருமினார். "இன்று வாக்கெடுப்பு இல்லை. சனிக்கிழமை காலை ராய்ஸ் அவளைச் சோதிக்கட்டும். ராய்ஸ் கையெழுத்துப் போட்டால் அவள் உள்ளே. போடாவிட்டால் பேஜரைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். யாருக்காவது மறுப்பு உண்டா?"

யாருக்கும் இல்லை.

காரில் திரும்பி வீடு நெருங்கும்போது, "சாணின்னா அவ்ளோ பெரிய குத்தமா?" என்றான் பசுபதி. "எங்க பிளான்ட்ல அச்சுக்குக் களிமண்ணுதான பூசறான் அவன்?"

"அதைப் போய் அவருகிட்டச் சொல்லுங்க."

"நீ பாஸ் ஆகு. சொல்றேன்."

சனிக்கிழமை லாரியில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பியிருந்தார் ராய்ஸ். பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "ஓடைக்கரை" என்றார். அவ்வளவுதான்.

வளைவில் ஒரு சிலுவை நட்டிருந்தார்கள். வெள்ளைச் சாயம் உதிர்ந்த மரச்சிலுவை. கண்மணி இரண்டாவது கியரில், தண்ணீர் தள்ளி அடங்கும் வரை பொறுத்து, மெல்லத் திருப்பினாள். ராய்ஸின் வலது கை முன்னாலிருந்த கம்பியைப் பிடித்திருந்தது. வளைவு முடிந்து வெகுதூரம் போன பிறகும் பிடியை விடவில்லை. "மெதுவாக" என்று அவர் சொல்லவில்லை என்பது குட்டைக்கு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அங்கே ராய்ஸ் இறங்கி, இணைப்பைக் கழற்றி, உள்ளே இருந்த புது வாஷரை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ம், தண்ணீரை ஏற்று," என்றார்.

கண்மணி கரையைப் பார்த்தாள். மாடுகளை வேறு வயலுக்கு மாற்றியிருந்தார்கள். ஒரு பொட்டுச் சாணி இல்லை. ராய்ஸின் உதடு ஓரத்தில் ஏதோ ஒன்று அசைந்தது.

அவள் தன் கோட்டுப் பையில் கைவிட்டு, கறுப்பாக ஒரு வளையத்தை எடுத்தாள். பழைய லாரி ட்யூபிலிருந்து கத்தரியால் வெட்டியது, அப்பா கடையில் வெட்டுவது போல. தீப்பிடித்த மறுநாளே வெட்டிவிட்டாள். அன்றிலிருந்து அது அந்தப் பையில்தான். வளையத்தை உள்ளே பொருத்தி, குழாயை முறுக்கி இறுக்கி, குட்டையில் இறக்கிப் பம்பை ஓட விட்டாள். ராய்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வினாடிக்குள் தண்ணீர் ஏறியது.

ராய்ஸ் பம்பை நிறுத்தச் சொன்னார். லாரியின் முகப்பில் படிவத்தை வைத்துச் சாவகாசமாகப் படித்தார். ஒவ்வொரு கட்டத்திலும் குறி போட்டார். பேனாவை மூடப் போனவர் நிறுத்தினார்.

"இன்னமும் மன்னிப்புக் கேட்க மாட்டாய்?"

"மாட்டேன்."

அவர் படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். "இதில் அதற்குக் கட்டமும் இல்லை," என்று முனகிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பயணி இருக்கைக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"நிலையத்துக்கு வண்டியை எடு."